பச்சை ஸ்டிக்கர்

கைபேசிக் கதிர்வீச்சு யார் தலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சுகாதாரத் துறை ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக வந்து பார்க்கிறது. அளவு மீறியவர் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பத்தூரின் அந்த அடுக்ககத்தில் ஏறக்குறைய எல்லாக் கதவும் சிவப்புதான்.

இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் தேவசகாயம், முழுக்க சார்ஜ் ஏற்றிய கைபேசியை ஆய்வாளர் ரஸியாவிடம் கொடுத்தார். அவள் அதைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"வார்டுலயே நீங்கதான் சார் கம்மி. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவீங்களா?"

"இல்லம்மா."

"ஹெட்செட்டா?"

"அதெல்லாம் கிடையாதும்மா."

"மே மாசம் மட்டும் ஒருநாள் கொஞ்சம் ஏறியிருக்கு."

"அது ராங் நம்பர். மதுரைக்காரர். நல்லாப் பேசினார்."

ரஸியா பச்சை ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டி, சுருக்கம் விழாமல் விரலால் நீவிவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் காதில் கைபேசியை இடுக்கியபடியே எட்டிப் பார்த்து, "கொடுத்துவச்சவர் சார் நீங்க" என்றாள். பேச்சைத் தொடர்ந்தபடி உள்ளே போய்விட்டாள்.

தேவசகாயம் ரஸியாவுடன் படிக்கட்டு வரை வந்தார்.

"அடுத்த வருஷம் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுச் சொல்லுங்கம்மா."

"கூப்பிட்டா உங்க கணக்குல ஏறுமே சார்."

"ஏறட்டும்மா" என்றார் தேவசகாயம்.