வால் விட்ட கோடு

நுண்ணோக்கிப் படங்களில் செல்களைக் கணினியே தேடி எல்லை வரைந்துகொள்ளும்படி நிரல் எழுத, இளவழகனை அந்த ஆய்வகம் அழைத்திருந்தது. அதுவரை மவுஸைப் பிடித்து ஒவ்வொரு செல்லையும் கோடிட்டு வளைத்தவர்கள் இருவர்: இறந்துபோன அவன் மனைவி மங்கையும், அவளுடைய பக்கத்து இருக்கைச் சேவியரும். கோடுகள் பெயரில்லாமல் கலந்து கிடந்தன; எது யாருடையது என்று பிரித்துக்கொடுக்கச் சேவியர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இது அவங்க வரைஞ்சது சார். கீழேருந்து ஆரம்பிச்சு, முடிக்கிற எடத்துல சின்னதா வால் விடுவாங்க. ‘எலிக்குட்டி வளக்குறீங்களா மங்கை?’ன்னு கேப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

மங்கை அப்படிச் சிரித்து இளவழகன் பார்த்ததில்லை. அவள் கோடு ஒன்றுகூட அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சேவியரோ ஒரே பார்வையில் பிரித்துக்கொண்டே போனான்.

சேவியர் தேநீருக்குப் போன நேரத்தில் இளவழகன் மவுஸை எடுத்தான். விடுபட்டிருந்த ஒரு செல்லைக் கீழிருந்து சுற்றி வந்து, முடிவில் சிறிதாக வால் விட்டான்.

திரும்பி வந்த சேவியர் அந்தக் கோட்டைச் சற்று அதிக நேரம் பார்த்தான்.

“இதுவும் அவங்கதான் சார்,” என்றான், இவன் முகத்தைப் பார்க்காமலே.

இளவழகன் அதை மங்கையின் கோடுகளோடு சேர்த்தான். இனி அவளைப் பற்றிச் சேவியருக்குத் தெரியாதது ஒன்றாவது தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.