அந்தப் பஸ்ஸின் கதவு

"இரண்டாம் பாகத்திலாவது அந்தப் பஸ் கதவைத் திறங்கள்."

மறுபடி அதே வரி. அதே பகல் பன்னிரண்டு மணி. மீராஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'கோக்போரான்' படத்தின் ரசிகர் பக்கத்தை நடத்துகிறவன் அவன். அல்மாட்டி நகரமே தலையில் தூக்கி வைத்து ஆடிய சூப்பர் ஹீரோ படம். இரண்டாம் பாகம் டிசம்பரில் வருகிறது. ரசிகர்கள் கேட்கிற திருத்தங்களில் ஒன்றை மீராஸ் சனிக்கிழமைக்குள் அனுப்பினால், கட்டாயம் சேர்ப்பதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வில்லனுக்குக் கொஞ்சம் மூளை வையுங்க", "ஹீரோவோட அங்கியை மாத்துங்க, குளியலறைத் திரை மாதிரி இருக்கு" என்று ஆளாளுக்கு எழுத, இந்த ஒருத்தர் மட்டும் மூன்று மாதமாகப் பஸ்ஸையே கட்டிக்கொண்டு அழுகிறார்.

"எந்தப் பஸ்ஸுடா?" என்றான் நண்பன் அய்பார்.

"மலையிலேர்ந்து சேத்து வெள்ளம் வருமே, அந்த சீன். ஹீரோ ஒரு பஸ் மேல கால் வெச்சுத் தாவி ஹீரோயினைக் காப்பாத்துவான். பஸ் அப்படியே சேத்துல போயிடும்."

"உள்ளே ஆள் இருந்துச்சா?"

மீராஸ் அதைக் கவனித்ததே இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஜன்னலில் ஒரு முகம். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி ஒருவன் அசையாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்..." அய்பாரின் குரல் இறங்கிவிட்டது. "உனக்கு எழுதற ஆளோட போட்டோவைப் பாரு."

அதே முகம்.

துணை நடிகர்களை அனுப்பும் ஏஜென்டைப் பிடித்தான் மீராஸ்.

"ஒரல்பெக்கா? பிப்ரவரில பனியில கார் சறுக்கிப் போய்ச் சேர்ந்துட்டானேப்பா. பாவம், படம் வந்ததைக்கூடப் பார்க்கலை."

பிப்ரவரியில் செத்தவன் மே மாதத்திலிருந்து எழுதுகிறான். மீராஸ் போனை எடுத்தான். 'யார் நீங்க?' என்று கேட்டு அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

'திறக்கச் சொல்லு. உள்ளே இன்னும் உயிரோட ஆள் இருக்கு.'

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. விடிந்ததும் ஏஜென்ட் கொடுத்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டினான். திறந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். ஒரல்பெக்கின் மனைவி குல்ஷாத். விஷயத்தைக் கேட்டதும் பதறி வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க! எழுதறது என் மாமனார். என் வீட்டுக்காரரோட போன் அத்தாகிட்டதான் இருக்கு."

"செத்துப்போன மகன் பேர்லயா?"

"அத்தாவுக்கு அவர் செத்ததே தெரியாதுங்க." அவள் கண் நிறைந்தது. "அப்போ நெஞ்சுல ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரில கிடந்தார். சொன்னா தாங்க மாட்டார்னுட்டாங்க டாக்டர். ரெண்டாம் பாகம் ஷூட்டிங்குக்கு ஜார்ஜியா போயிருக்கார், கதை கசியக் கூடாதுன்னு போனை விட்டுட்டு வரச் சொல்லிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆறு மாசமாச்சு. அழணும்னாகூடக் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழறேன்."

"நான் என்ன செய்யணும்?"

"அந்தக் கதவை மட்டும் திறந்துடாதீங்க அண்ணா. மகன் இறங்கி வர்றதைப் பார்க்கணும்னு அவருக்கு ஆசை. எல்லாரும் இறங்கி என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கலைன்னா, அத்தாவுக்குத் தெரிஞ்சு போயிடும்."

மீராஸ் சரியென்று தலையாட்டினான்.

உள்ளே, ரசிகர் பக்கத்தை நடத்துகிறவர் என்று குல்ஷாத் சொன்னதும், பெரியவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பற்றினார். குல்ஷாத் சிரித்த முகமாகப் பால் விட்ட டீயும், எண்ணெயில் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"என் மகன் எப்போ வர்றானாம்?" என்றார் பெரியவர்.

"ஷூட்டிங் இழுத்துக்கிட்டே போகுதாம், அத்தா" என்றான் மீராஸ்.

பெரியவர் கண் கொட்டாமல் அவனையே பார்த்தார்.

விடைபெற்றபோது கூடவே வந்தார். இரண்டு மாடி இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொய் சொல்றதுல என் மருமகளையே மிஞ்சிட்டே."

"அத்தா..."

"வெள்ளிக்கிழமை தவறாம ஏழு ரொட்டி பொரிக்கிறா. கேட்டா, சும்மா சாப்பிட ஆசையாம். செத்தவங்க பேரைச் சொல்லித்தான் ஏழு ரொட்டின்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த முதல் வெள்ளிக்கிழமையே புரிஞ்சு போச்சு, என் புள்ள மண்ணுக்குள்ள இருக்கான்னு."

"அதை அவங்ககிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, கிழவனை ஆறு மாசம் ஏமாத்திட்டோமேன்னு குறுகிப் போயிடுவா. நம்ம சனம் என்னிக்குச் சாவை நேராச் சொல்லியிருக்கு? கதையில வெச்சுத்தானே சொல்லுவோம்? இந்தத் தடவை அது சினிமாவா இருந்துட்டுப் போகட்டும். படத்துல என் புள்ள இறங்காததைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்னா யார் மேலயும் குத்தமில்லை."

பெரியவர் நிமிர்ந்து, மேலே சாத்தியிருந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"என் புள்ள இனிமே இறங்க மாட்டான்ப்பா. அவளாவது இறங்கி வாய்விட்டு அழட்டும். திறந்து விடச் சொல்லு."