கரைக்குப் போன எண்ணெய் மேடை

நார்வே கடலில் நின்ற எண்ணெய் மேடைக்கு அடியில் எண்ணெய் வற்றிப்போனது. மேடையை உடைப்பதற்காகக் கரைக்கு இழுத்துப்போக ஒரு கப்பல் வந்தது.

"உன் கால்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளிடம் பிடியை விடச் சொல். கடலுக்குள் விழுந்தாவது பிழைக்கட்டும். கரைக்கு வந்தால் காய்ந்து செத்துப்போகும்" என்றது கப்பல்.

சொல்லிவிடத்தான் மேடை வாயைத் திறந்தது. ஆனால் அத்தனை வருடமும் அதற்குப் பேச்சுத் துணையாக இருந்தவை அந்தச் சிப்பிகள் மட்டும்தான். உடைபடப் போகும் இடத்துக்குத் தனியாகப் போக அதற்கு மனம் வரவில்லை.

கப்பல் இழுக்கத் தொடங்கியது.

"ஏன் அண்ணே ஆடுறீங்க?" என்று ஒரு சிப்பி பயந்துபோய்க் கேட்டது.

"ஒண்ணுமில்லடா, அலை கொஞ்சம் பலமா இருக்கு" என்றது மேடை.

"எல்லாரும் அண்ணனைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!" என்று அந்தச் சிப்பி மற்றவற்றைப் பார்த்துக் கூவியது.

ஒன்றுகூடப் பிடியை விடவில்லை.