கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றவர்

கடலூர் மைதானத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்ற வேட்டிக்காரரைத் தில்லைநாதனுக்குப் பிடிக்கவில்லை. பந்து எங்கே போனாலும் அவர் பார்வை கோல்கீப்பர் தணிகாசலத்தின் கைகளிலேயே இருந்தது.

தணிகாசலம் தில்லைநாதனின் மகன். பண்ருட்டியில் அவர்களுக்குப் பலாப்பழ மண்டி. கீழிருந்து எறியும் பழத்தை லாரிமேல் நின்று பிடிக்க நல்ல ஆள் கிடைப்பதில்லை. அடுத்த மண்டி ஆளை இழுக்க யாரும் கூசுவதுமில்லை.

காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கச் சிதம்பரத்திலிருந்து ஒருவர் வருவதாகப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் சொல்லியிருந்தார். கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்தக் காலேஜ்காரர் என்று தில்லைநாதன் நினைத்துக்கொண்டார். அவருக்கென்று கொண்டுவந்த பலாப்பழம் தில்லைநாதனின் காலடியில் மணத்தது.

ஆட்டம் முடிந்ததும் வேட்டிக்காரர் அருகில் வந்தார்.

“ஒங்க பையனா? கை நல்லா நிக்கிது. எங்க பழகினான்?”

“லாரியில, பழம் புடிச்சி.”

“எங்ககூட வெளியூருக்கு அனுப்புவீங்களா? சாப்பாடு, தங்கற எடம் எல்லாம் நாங்க பாத்துக்குவோம்.”

நினைத்தது சரிதான், ஏதோ மண்டிக்கு ஆள் இழுக்க வந்தவர்.

“அவனுக்குத் தோள்பட்டை எறங்கிப்போச்சுங்க. இன்னிக்கி ஏதோ சமாளிச்சான்.”

“அடடா. மறைக்காம சொன்னீங்களே, சந்தோஷம்.” வேட்டிக்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிம்மதியாகப் பழத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்காரரிடம் நடந்த தில்லைநாதனை டிரில் மாஸ்டர் மறித்தார்.

“அவரு கப்பு குடுக்க வந்த டாக்டருங்க.”

“அப்ப காலேஜ்காரரு?”

“இவ்ளோ நேரம் அவருகிட்டதானே பேசிக்கிட்டிருந்தீங்க? ஒங்க சம்மதத்த மட்டும் கேட்டுக்கிட்டு, தணிகாசலத்த டீமுல சேத்துக்கறேன்னு சொன்னாரே.”