எல்லைக்குள் ஊர் கட்டும் ராஜாக்கள்

“அநியாயம் மாமா, அநியாயம்!” மடிக்கணினியில் சாம்ராஜ்ஜியம் ஆண்டுகொண்டிருந்த நபீல் தலையில் கைவைத்தான். “உலகத்துல இவ்வளவு எடம் கெடக்க, இந்தக் கம்பியூட்டர் ராஜாக்கள் என்ட எல்லைக்குள்ளயே வந்து ஊர் கட்டுறானுகள்.”

மாமனார் மஹ்ரூப் நின்றபடியே எட்டிப் பார்த்தார். “எத்தன பேர், மகன்?”

“மொதல்ல ஒருத்தன்தான் வந்தான். சும்மா ரெண்டு குடிசை. பாவமேன்னு விட்டுட்டன். பொறகு அவன்ட ஆக்கள் ஒவ்வொருத்தரா வந்து, இப்ப எனக்கு மூச்சு விடவும் எடமில்ல.”

“அடிச்சித் துரத்த ஏலாதா?”

“எப்பிடி? சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்து வெச்சிட்டேனே!”

மஹ்ரூபின் கண்கள் கலங்கின. ஒரு விளையாட்டுக்காக இப்படி உருகும் மாமனார் கிடைக்க நபீல் கொடுத்துவைத்தவன்தான்.

“அப்ப, நெலத்த இழந்தவன் என்னதான் செய்ற?”

நபீல் பேராசிரியர் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். “மிச்சம் ஈக்கிற எடத்துலயாவது ஓடிப்போய்க் குந்திரணும் மாமா. யோசிச்சிட்டு நின்டா அதுவும் போயிரும்.”

மஹ்ரூப் தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்க விறாந்தைக்கு ஓடினார். அலவத்துகொடயில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. மகளின் நிக்காஹ்வுக்குக் கையெழுத்து வைத்து, மாப்பிள்ளையை வீட்டோடு எடுத்து, பின்னாலேயே வந்த அவன் தம்பிமாருக்கும் அறைகளை விட்டுக்கொடுத்த பிறகு, அவருக்கென்று மிஞ்சியது அந்த விறாந்தை ஒன்றுதான்.

அங்கே, ‘ரெண்டு நாளைக்கு’ என்று காலையில் வந்திறங்கிய நபீலின் வாப்பா, பாயை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.