பெரிய கிராணி வீட்டுப் பால் டின்

மலாயா ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், எங்கிருந்தோ வந்து குட்டி போட்ட நாய்க்குக் காத்தாயி தன் மரவள்ளிக் கஞ்சியில் பாதியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஜப்பான்காரன் ஆட்சியில மனுசனே பட்டினி. ஒனக்கு நாய் கேக்குதா? லயம் சுத்தமா இருக்கணும், இத அடிச்சுப் போடத்தான் வந்திருக்கோம்!” லயத்து வாசலில் கூலிகளை மேய்க்கும் மண்டோரோடு வந்து நின்றார் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி மாசிலாமணி.

“நாலு குட்டிங்க ஐயா. இன்னும் கண்ணு தொறக்கல. தாய் தின்னாத்தானே பால் ஊறும்?”

“என் பிள்ளையப் பாரு, கொழுகொழுன்னு இருக்கான். கோலா பிலா டவுன் கடைக்கு என் பேரச் சொல்லி ஆள் அனுப்பினா டின் பால் வருது. ஜப்பான்காரன்கிட்ட எனக்கிருக்கிற மரியாதை அப்படி!”

காத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். “வீட்டுல அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க ஐயா.”

“எஸ்டேட் நிர்வாகத்துக்குப் பொம்பளைகிட்ட உத்தரவா? மண்டோர், அடிச்சுப் போடு!”

மண்டோரின் கட்டை ஒரே அடியில் வேலையை முடித்தது. லயத்துச் சுத்தம் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டுக் கிராணி வீட்டுக்குப் போனார்.

பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. மனைவி கனகாம்புஜம் பால் டின்னோடு லயத்துப் பக்கமிருந்து வந்து படியில் உட்கார்ந்தாள்.

“கோலா பிலா பால் வரலியா? என் பேரச் சொல்லி அனுப்பினியா?”

“எந்தக் கோலா பிலா?” அவள் காலி டின்னைக் கவிழ்த்துக் காட்டினாள். “எனக்குப் பால் வத்தி ஒரு வாரமாச்சு. குட்டிங்களுக்குப் பாதி, நம்ம பிள்ளைக்குப் பாதின்னு காத்தாயிதான் அந்த நாய்கிட்ட கறந்து குடுத்தா.”

லயத்தில் நான்கு குட்டிகள் பசியில் கத்தத் தொடங்கியிருந்தன. பெரிய கிராணி வீட்டில் ஐந்தாவது கத்திக்கொண்டிருந்தது.