ஐந்தாவது கையெழுத்து

மில் விடுதியில் தூக்கில் தொங்கிய தாமரைச்செல்வியைப் பார்த்துச் சாவின் காரணம் சொல்ல, போலீஸ் விசாரணைக்குப் பஞ்சாயத்தாராக ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஐந்தாவதாகச் சமையல்கார ராக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இது முதல் தடவை. தாளில் ‘தீராத வயிற்றுவலி’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“நேத்து சாயங்காலம் நாலு தோசை கேட்டு வாங்கித் தின்னாளே ஏட்டையா. சூப்பர்வைசர் கூப்பிடுறாருன்னு எந்திரிச்சுப் போனவதான்.”

“அப்ப உன் தோசையிலதான் கோளாறுன்னு எழுதிரட்டுமா?” ஏட்டு சிரித்தார்.

ராக்கம்மா மாவு காய்ந்த விரல்களால் பேனாவைப் பிடித்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

வெளியே வந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த செல்வியின் அப்பா எழுந்து நின்றார்.

“வயித்துவலின்னாங்க. பிள்ளை ரொம்பத் துடிச்சாளா, தாயி?”